அமெரிக்கால பனிப்புயல்ல வீடு, ஊர் அடிவாங்கினா அரசு உதவி வாங்கறது எப்படி: ஃபீமா முழு வழிகாட்டி

ஃபீமாங்கறது அமெரிக்க ஃபெடரல் அரசோட பேரிடர் உதவி நிறுவனம். அமெரிக்கால இருக்கற நம்மாளுங்ககிட்ட ஃபீமான்னு பேச்சை எடுத்தா ரெண்டு பதில்தான் வரும். "அதெல்லாம் ஹரிக்கேன் வந்தாத்தான் குடுப்பாங்க", இல்லாட்டி "நாம எச்1பி விசா, நமக்கு ஏது அதெல்லாம்". ரெண்டுமே பாதிதான் உண்மை, இந்தப் பாதி உண்மையை நம்பிக்கிட்டு அப்ளிகேஷனே போடாம கைக்காசைப் போட்டு வீட்டை சரி பண்ணிக்கிட்ட குடும்பங்க நிறைய இருக்கு. அதனாலதான் இதை கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க, குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடியே படிச்சு வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

2021 பிப்ரவரியில டெக்சாஸ்ல என்ன நடந்துச்சுன்னு அங்க இருந்தவங்களுக்கு மறக்காது. டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன், நம்ம மக்கள் அதிகமா இருக்கற ஊருங்கதான் எல்லாம். சுமார் 45 லட்சம் வீடு, கடைகளுக்கு கரன்ட் போச்சு, அட்டிக்ல, அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல, ஓடற தண்ணி பைப்பெல்லாம் உறைஞ்சு வெடிச்சு சீலிங்கோட கீழ விழுந்துச்சு, மாநில சுகாதாரத்துறை கணக்குப்படியே 246 பேர் இறந்தாங்க. பிப்ரவரி 19 அன்னிக்கு ஃபெடரல் அரசு பெரும் பேரிடர்னு அறிவிச்சுது. கவர்னர் 254 கவுன்ட்டிக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கேட்டாரு, ஆனா வீட்டுக்காரங்களுக்கு நேரா வர்ற தனிமனித உதவிக்கு முதல்ல கெடச்சது 77 கவுன்ட்டிக்குத்தான், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சேத்து நூறைத் தாண்டுச்சு. ஒரே புயல், ஒரே குளிர், ரோட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கறவருக்கு உண்டு, அந்தப்பக்கம் அடுத்த கவுன்ட்டியில இருக்கறவருக்கு இன்னும் இல்லை, இப்படித்தான் இருந்துச்சு அப்போ. அதனால முதல் வேலை அறிவிப்பைப் படிக்கறதுதான்.

உங்க கவுன்ட்டிக்கு எந்த அறிவிப்பு வந்திருக்கு?

நியூஸ்ல "எமர்ஜென்சி டிக்ளேர் பண்ணிட்டாங்க"ன்னு வந்த உடனே வீட்டுக்குப் பணம் வரும்னு நெனச்சுக்காதீங்க. ஸ்டாஃபோர்டு சட்டம்னு 1988ல வந்த சட்டம் இருக்கு, அதுப்படி ஜனாதிபதி ரெண்டு விதமா அறிவிக்கலாம். அவசரநிலை அறிவிப்புன்னா ஜெனரேட்டர், ஷெல்ட்டர், மீட்பு ஆளுங்க, தண்ணி, போர்வை, இதெல்லாம் ஊருக்கு வரும், அதுக்கு பொதுவா 50 லட்சம் டாலர்னு ஒரு வரம்பும் இருக்கு, தாண்டினா காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, தகவல் சொல்லணும். இன்னொண்ணு பெரும் பேரிடர் அறிவிப்பு, இதுலதான் பெரிய பணம். இதுலயும் ரெண்டு பெட்டி இருக்கு, ஒண்ணு பொது உதவி, அது ஊர் நிர்வாகம், கவுன்ட்டி, பள்ளி, மின்சாரக் கூட்டுறவு மாதிரி அமைப்புகளுக்கு. இன்னொண்ணு தனிமனித உதவி, அதுதான் உங்களுக்கும் எனக்கும்.

பனிப்புயலைப் பொறுத்தவரைக்கும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், பனி பெஞ்சுதுங்கறதுக்காக வீட்டுக்காரங்களுக்குப் பணம் குடுக்கறது கெடையாது. பெரும்பாலான பனிப்புயலுக்கு பொது உதவி மட்டும்தான் வரும். 2022 டிசம்பர்ல நியூயார்க் மாநிலத்து பஃபலோவுல கிறிஸ்துமஸ் சமயத்துல அடிச்ச புயல்ல ஈரி கவுன்ட்டியில மட்டும் 40 பேருக்கு மேல இறந்தாங்க, ஆம்புலன்ஸே போக முடியல, அப்பேர்ப்பட்ட புயலுக்கு டிசம்பர் 26 அன்னிக்கு வந்த அவசரநிலை அறிவிப்பு ஊர் நிர்வாகங்களோட அவசர வேலைகளுக்கானதுதான். டெக்சாஸ்ல தனிமனித உதவி கெடச்சதுக்குக் காரணம் பனி இல்லை, குளிர்ல பைப் வெடிச்சு லட்சக்கணக்கான வீட்டுக்குள்ள தண்ணி புகுந்து சேதமாச்சு, அந்த சேதம்தான். அதாவது வானத்துலேருந்து என்ன விழுந்துச்சுங்கறதை விட வீட்டுக்குள்ள என்ன உடைஞ்சுதுங்கறதுதான் கணக்கு.

அந்த சேதத்தை யாரு எண்ணறாங்க? ஃபீமா, மாநிலம், உள்ளூர் ஆளுங்க மூணு பேரும் சேந்து முதற்கட்ட சேத மதிப்பீடுன்னு ஒண்ணு பண்ணுவாங்க. அதுல உங்க வீடு எண்ணப்படணும்னா நீங்க சொல்லணும். டெக்சாஸ்ல இதுக்கு ஐஸ்டாட்னு ஒரு ஆன்லைன் சர்வே இருக்கு, மாநில அவசர மேலாண்மைத்துறை நடத்தறது. மத்த மாநிலத்துல கவுன்ட்டி வெப்சைட்லயோ 211ங்கற உள்ளூர் உதவி எண்ணுக்கு போன் பண்ணியோ சொல்லலாம். ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க: அந்த சர்வே அப்ளிகேஷன் இல்லை, அதைப் போட்டதால பணம் வராது. ஆனா அதைப் போடாம விட்டா உங்க கவுன்ட்டியே பட்டியலுக்குள்ள வராம போகலாம். கவர்னர் பெரும் பேரிடர் கேட்டு மனு போடறதுக்கு 30 நாள்தான் டைம், அந்த 30 நாளுக்குள்ள எத்தனை வீடு கணக்குல வந்துச்சோ அதை வச்சுத்தான் பேச முடியும், அதனால பக்கத்து வீட்டுக்காரங்க, அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பு எல்லாருக்கும் அந்த லிங்கை அனுப்பி போட வைங்க.

பைப் வெடிச்ச அன்னிக்கே

முதல்ல மெயின் வால்வை மூடுங்க, தண்ணி நனைஞ்ச பக்கம் கரன்டை ஆஃப் பண்ணுங்க. குளிர் தாங்கலன்னு வீட்டுக்குள்ளயோ கராஜ்லயோ ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுரும், டெக்சாஸ்ல குடும்பத்தோட அப்படிப் போனவங்க இருக்காங்க.

அப்புறம் போனை எடுங்க. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி போட்டோ, வீடியோ. சும்மா தூரத்துலேருந்து ரூமை ஒண்ணு எடுத்துட்டு விடக் கூடாது. வெடிச்ச பைப்போட வாய் தெரியற மாதிரி கிட்டக்க ஒண்ணு, அது சீலிங்ல எந்த இடத்துல இருக்குன்னு தெரியற மாதிரி கொஞ்சம் தள்ளி ஒண்ணு, ஈரம் செவுத்துல எவ்வளவு உயரம் ஏறியிருக்குன்னு டேப்பு வச்சு ஒண்ணு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் ஒவ்வொண்ணுலயும் மாடல் நம்பர் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர், அதையும். கார்ப்பெட்டைக் கிழிச்சுத் தூக்கிப் போடறதா இருந்தா ஒரு சாண் துண்டை வெட்டி கவர்ல போட்டு வைங்க. ப்ளம்பர் வந்தா பில்லுல "உறைஞ்சதால பைப் வெடிச்சது"ன்னு காரணத்தையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, வெறும் "ரிப்பேர், 450 டாலர்"னு இருக்கற பில்லு பின்னாடி உங்களுக்கு ஒண்ணுத்துக்கும் உதவாது. ஓட்டல்ல தங்கினா பில்லு, ஹீட்டர் வாங்கினா பில்லு, எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டே வாங்க.

ஃபீமா ஆள் வர்ற வரைக்கும் ஈரத்தோட உக்காந்திருக்கணும்னு அவசியம் இல்லை. ரிப்பேரை ஆரம்பிக்கலாம், ஆனா ஆதாரம் இருக்கணும். இன்ஷூரன்ஸ்காரங்களுக்கு அன்னிக்கே க்ளெய்ம் போட்டுருங்க, ஏன்னா இன்ஷூரன்ஸ் குடுக்கற அதே செலவுக்கு ஃபீமா திரும்பக் குடுக்காது, சட்டமே அப்படி. பைப் வெடிச்ச தண்ணி சேதத்தை வீட்டு இன்ஷூரன்ஸ் பொதுவா கவர் பண்ணும். அவங்க குடுக்காம விட்ட பாகத்துக்குத்தான் ஃபீமா. முன்னாடி இன்ஷூரன்ஸ் கொஞ்சம் பெருசா குடுத்துருச்சுன்னா ஃபீமா கதவையே சாத்திரும், 2024 மார்ச்ல விதிகளை மாத்தினப்ப இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, அதனால "எனக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு விட்டுராதீங்க.

யாரு அப்ளை பண்ணலாம்? எச்1பி, எல்1 குடும்பங்க இதைக் கட்டாயம் படிங்க

பண உதவிக்கு விதி இதுதான்: வீட்டுல ஒருத்தராவது அமெரிக்க குடிமகனா இருக்கணும், இல்லாட்டி க்ரீன் கார்டு, அகதி, அசைலம் மாதிரி தகுதி பெற்ற அந்தஸ்துல இருக்கணும். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 இதெல்லாம் அந்தப் பட்டியல்ல இல்லை. இது வரைக்கும் கேட்டுட்டுத்தான் நம்மாளுங்க திரும்பிப் போயிடறாங்க.

"வீட்டுல ஒருத்தராவது"ன்னு இருக்கறதை நல்லா கவனிங்க. இங்க பொறந்த உங்க குழந்தை அமெரிக்க குடிமகன். கைக்குழந்தையா இருந்தாலும் சரி, குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருந்து, புயல் அடிச்சப்ப உங்களோட அந்த வீட்டுலதான் இருந்துச்சுன்னா, அந்தக் குழந்தை சார்பா அப்பாவோ அம்மாவோ அப்ளை பண்ணலாம். பெத்தவங்களோட விசா அந்தஸ்து இதுக்குத் தடை இல்லை. இது ஏதோ சந்துல புகுந்து வர்ற வழி இல்லை, ஃபீமாவே வெளிப்படையா சொல்ற விதி. ஆஸ்டின்லயும் ஃப்ரிஸ்கோலயும் ரெண்டு வயசுக் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு "நமக்குத் தகுதி இல்லைங்க"ன்னு சொல்ற அப்பா அம்மாவைப் பாத்தா எனக்கு உண்மையிலயே மனசு பொறுக்கறதில்லை, தகுதி அவங்க இடுப்புலயே உக்காந்திருக்கு.

குழந்தை இல்லாத ஸ்டூடன்ட், தனியா இருக்கற எச்1பி பசங்களுக்குப் பணம் வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா ஷெல்ட்டர், சாப்பாடு, தண்ணி, மருத்துவ அவசரம், மனநல ஆலோசனை இதெல்லாம் எல்லாருக்கும் உண்டு, அதுக்கு யாரும் விசா கேக்கக் கூடாது. கடுங்குளிர்ல கரன்ட் இல்லாத அப்பார்ட்மென்ட்ல போர்வையைப் போத்திக்கிட்டு கெடக்காம, குளிருக்கு ஒதுங்கத் திறந்து வைக்கற வார்மிங் சென்டருக்குப் போங்க தம்பிகளா, அது உங்களுக்கும் சேத்துத்தான்.

க்ரீன் கார்டு கேஸ்ல இது கெடுதலா வருமான்னு கேப்பாங்க. அரசு உதவியை நம்பி வாழ்றவரான்னு பாக்கற பப்ளிக் சார்ஜ் விதி, 2022ல வந்தது, அதுப்படி பேரிடர் உதவி அந்தக் கணக்குல சேராது. இருந்தாலும் குடியேற்ற விதிங்க அடிக்கடி மாறிட்டு இருக்கற காலம் இது, உங்க கேஸ் நடந்துட்டிருந்தா வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது, குடியுரிமை பத்தின கேள்விக்குப் பொய்யா டிக் அடிக்கறது. பணம் போறது ஒரு பக்கம், பிற்காலத்துல உங்க குடியேற்றமே போயிரும்.

அப்ளிகேஷன்

மூணு வழி இருக்கு. டிசாஸ்டர் அசிஸ்டன்ஸ் டாட் கவ் வெப்சைட், ஃபீமா ஆப், இல்லாட்டி 1-800-621-3362க்கு போன். போன்ல மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம், ஊர்லேருந்து வந்து தங்கியிருக்கற க்ரீன் கார்டு வச்ச அம்மா அப்பாவுக்கு இது உதவும். பெரிய புயல்னா உள்ளூர்லயே உதவி மையமும் திறப்பாங்க, நேர்ல போய் பேப்பரைக் குடுத்தா சிலருக்கு வேலை சுலபமா முடியும்.

அறிவிப்பு வந்த நாள்லேருந்து பொதுவா 60 நாள் டைம். டெக்சாஸ் புயலுக்கு அதை 2021 மே 20 வரைக்கும் நீட்டினாங்க, ஆனா நீட்டிப்பை நம்பி உக்காந்திருக்கக் கூடாது. அவசரத் தேவைக்குன்னு உடனடியா குடுக்கற ஒரு தொகை இருக்கு, 2025 நிதியாண்டுல 770 டாலர், சாப்பாடு, தண்ணி, குழந்தைக்குப் பால் பவுடர், மருந்து, பெட்ரோல் இப்படி. அதைப் பொதுவா முதல் 30 நாளுக்குள்ள கேட்டாத்தான் குடுப்பாங்க, அதனால நாலாவது வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க.

கையில வச்சுக்க வேண்டியது: சோஷியல் செக்யூரிட்டி நம்பர், சேதமான வீட்டு விலாசம், இப்ப தங்கியிருக்கற விலாசம், போன், இன்ஷூரன்ஸ் பாலிசி, குடும்ப வருமானம், பேங்க் அக்கவுண்ட் நம்பர். ஒரு வீட்டுக்கு ஒரு அப்ளிகேஷன்தான். நாலு பசங்க ஒரு அப்பார்ட்மென்ட்ல தனித்தனி குடும்பமா வாடகை பகிர்ந்து இருந்தீங்கன்னா அதை முதல்லயே தெளிவா சொல்லுங்க, இல்லாட்டி ரெண்டாவது ஆளோட அப்ளிகேஷன் டூப்ளிகேட்னு நிக்கும். முடிச்ச உடனே 9 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் எல்லாமே அந்த நம்பர்தான்.

வாடகை வீடுன்னா? கட்டடத்தை சரி பண்றது ஓனர் பாடு, அதுக்கு உங்களுக்குப் பணம் வராது. ஆனா உங்க கட்டில், சோஃபா, துணிமணி, வேலைக்கோ படிப்புக்கோ வேணுங்கற லேப்டாப், இருக்க இடமில்லாம வெளிய தங்கற செலவு, இதுக்கெல்லாம் நீங்க கேக்கலாம். புயல்ல யாராவது இறந்திருந்தா ஈமச்சடங்கு செலவுக்கும் உதவி உண்டு, அதைக் கேக்கறதுல கூச்சமே வேணாம்.

எவ்வளவு வரும்னு எதிர்பார்ப்பை சரியா வச்சுக்கோங்க. டெக்சாஸ் புயல் சமயத்துல உச்சவரம்பு 36,000 டாலர். 2025 நிதியாண்டுல வீட்டுக்கு 43,600, மத்த தேவைகளுக்குத் தனியா 43,600. இது உச்சவரம்பு, எல்லாருக்கும் வர்ற தொகை இல்லை, பெரும்பாலானவங்களுக்கு இதுல சின்னப் பங்குதான் வரும். வீட்டைப் பழைய அழகுக்குக் கொண்டு வர்றது ஃபீமாவோட வேலை இல்லை, பாதுகாப்பா, சுகாதாரமா, குடியிருக்கற மாதிரி ஆக்கறதுதான். க்ரானைட் கவுன்ட்டர் உடைஞ்சா க்ரானைட்டே வராது. கெட்டுப்போன ஃப்ரிட்ஜ் சாமான், ஏறிப்போன கரன்ட் பில்லு, இதுக்குப் பொதுவா கெடையாது.

இன்ஸ்பெக்டர், லெட்டர், அப்பீல்

இன்ஸ்பெக்டர் வர்றதா இருந்தா போன் வரும், தெரியாத நம்பர்னு எடுக்காம விடறதுதான் இங்க நெறைய பேருக்கு கேஸ் மூடறதுக்குக் காரணம். போட்டோ ஐடி காட்டுவாரு, உங்க 9 இலக்க நம்பர் அவர்கிட்டயே இருக்கும். பணம் கேக்க மாட்டாரு. பணம் கேட்டா, பேங்க் பாஸ்வேர்ட் கேட்டா, அது ஏமாத்துக்காரன், கதவைத் திறக்காதீங்க. வந்தவருக்கு அட்டிக், வாட்டர் ஹீட்டர், பின்பக்கம் எல்லாத்தையும் நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. செவுரைக் காய வச்சு பெயின்ட் அடிச்சிருந்தா பழைய போட்டோவைக் காட்டுங்க. அவரு முடிவு சொல்ல மாட்டாரு, பாத்ததை எழுதிட்டுப் போவாரு, அவ்வளவுதான்.

அப்புறம் லெட்டர் வரும். இங்கதான் பெரும்பாலானவங்க விட்டுருவாங்க. "நீங்க தகுதி பெறலை"ன்னு முதல் வரியில இருக்கும், அதைப் பாத்த உடனே கடுப்புல தூக்கிப் போட்டுருவாங்க. அடுத்த பத்தியைப் படிங்க. பல தடவை அங்க இருக்கறது "இன்ஷூரன்ஸ் முடிவு லெட்டர் வரலை", "வீட்டு உரிமைக்கு ஆதாரம் இல்லை", "அந்த விலாசத்துலதான் குடியிருந்தீங்கங்கறதுக்கு ஆதாரம் இல்லை", "கையெழுத்து இல்லை" இப்படி ஏதாவது ஒண்ணுதான். அதாவது பேப்பர் பாக்கி, அவ்வளவே. கேட்ட பேப்பரை அனுப்பினா கேஸ் திரும்ப உயிர் பெறும். இன்ஷூரன்ஸ் கம்பெனி இழுத்தடிச்சா அவங்ககிட்டயே "இந்தச் செலவு கவர் ஆகாது" அல்லது "இன்னும் முடிவெடுக்கலை"ன்னு எழுத்துல கேட்டு வாங்கி அனுப்புங்க.

நிஜமாவே மறுத்திருந்தாலோ தொகை கம்மின்னு பட்டாலோ லெட்டர் தேதிலேருந்து 60 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம். நீளமா கதை எழுத வேணாம். எந்த முடிவு தப்பு, ஏன் தப்பு, இதோ ஆதாரம், அவ்வளவு போதும். கான்ட்ராக்டர்கிட்ட ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா விலை போட்ட எஸ்டிமேட் வாங்குங்க, மொத்தமா ஒரே தொகை போட்டது நிக்காது. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க 9 இலக்க நம்பரையும் பேரிடர் நம்பரையும் எழுதுங்க. பேரிடருக்கான இலவச சட்ட உதவியும் உண்டு, வருமானம் கம்மியா இருக்கறவங்க உதவி மையத்துல கேளுங்க.

ஃபீமா தவிர

எஸ்பிஏன்னு ஃபெடரல் அரசோட சிறுதொழில் துறை இருக்கு, பேரு சிறுதொழில்னு இருந்தாலும் வீட்டுக்காரங்களுக்கும் குறைஞ்ச வட்டியில பேரிடர் கடன் தர்றாங்க, வீட்டுக்கு 5 லட்சம் டாலர் வரைக்கும், சாமான்களுக்கு 1 லட்சம், பிசினஸுக்கு 20 லட்சம் வரைக்கும். முன்னாடி எல்லாம் எஸ்பிஏ கடனுக்கு அப்ளை பண்ணினாத்தான் சில ஃபீமா உதவியே நகரும், 2024 மாத்தத்துக்கு அப்புறம் அந்தக் கட்டாயம் போயிருச்சு, கடன் வேணாம்னா வேணாம். கடைவச்சு நஷ்டப்பட்டவங்க, சுயதொழில் பண்றவங்களுக்கு பேரிடர் வேலையின்மை உதவின்னு ஒண்ணு 26 வாரம் வரைக்கும் இருக்கு, அது மாநில வேலையின்மை அலுவலகம் வழியா.

ஸ்நாப்ங்கற அரசு உணவு உதவிக் கார்டுல வாங்கின சாமான் கரன்ட் போய் கெட்டுப்போயிருந்தா 10 நாளுக்குள்ள சொன்னா திரும்பக் குடுப்பாங்க. ஹீட்டிங் பில்லுக்கு லைஹீப்னு ஃபெடரல் உதவி இருக்கு, வருமான வரம்பு உண்டு, புயல் இல்லாத குளிர்காலத்துலயும் கெடைக்கும்.

டாக்ஸ் பக்கம் ஒரு வார்த்தை. 2021ல ஐஆர்எஸ், அதாவது ஃபெடரல் வரித்துறை, டெக்சாஸ்காரங்களுக்கு ஃபைலிங் கடைசித் தேதியை ஜூன் 15க்குத் தள்ளி வச்சுது. ஃபெடரல் அறிவிப்பு இருந்தா இன்ஷூரன்ஸ் தராத நஷ்டத்தை ஃபார்ம் 4684ல காட்டிக் கழிக்கலாம், முந்தைய வருஷ ரிட்டர்ன்லயே எடுத்துக்கற வசதியும் உண்டு. இதுக்கு விசா எல்லாம் சம்பந்தமே இல்லை, எச்1பிக்காரங்களும் கேக்கலாம், உங்க டாக்ஸ் ஆளுகிட்ட ஞாபகப்படுத்துங்க.

ஊர் நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கு: அந்த 48 மணி நேரம்

டவுன் போர்டுலயோ கவுன்ட்டி வேலையிலயோ இருக்கறவங்க, தன்னார்வலரா உதவறவங்க இதைக் கவனிங்க. பனி அள்ளற செலவை ஃபீமா எல்லா வருஷமும் குடுக்காது, குளிர்கால வழக்கமான வேலைன்னுதான் அவங்க பார்வை. பெரும் பேரிடர் அறிவிப்பு வேணும், அதுக்கு மேல அந்தக் கவுன்ட்டியில பெஞ்ச பனி வரலாற்றுச் சாதனை அளவா இருக்கணும், இல்லாட்டி அந்தச் சாதனைக்கு 10 சதவீதத்துக்குள்ள வரணும். ஒருநாள், ரெண்டுநாள், மூணுநாள் கணக்குன்னு பாப்பாங்க, அரசு வானிலைப் பதிவை வச்சு. 2022 நவம்பர்ல பஃபலோவுக்குத் தெக்க ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க் பக்கம் 80 இன்ச், ஆறரை அடிக்கு மேல பெஞ்சுது, அந்த மாதிரி புயல்தான் இந்த விதிக்குள்ள வரும்.

செலவுக் கணக்கும் ஒரு அளவைத் தாண்டணும். 2025 நிதியாண்டுல மாநிலத்துக்குத் தலைக்கு 1.89 டாலர், கவுன்ட்டிக்குத் தலைக்கு 4.72 டாலர். 50,000 பேர் இருக்கற கவுன்ட்டின்னா 2,36,000 டாலர் செலவைக் காட்டணும். நியூயார்க் மாதிரி 2 கோடி பேர் இருக்கற மாநிலம்னா 3.8 கோடி டாலர். அதனால பெரிய மாநிலத்துக்குள்ள இருக்கற சின்ன ஊர் எவ்வளவு அடிவாங்கினாலும் மாநிலக் கணக்கு ஏறலைன்னா கஷ்டம்தான், இது நியாயமான்னு கேட்டா என் பார்வையில இல்லை, ஆனா விதி இப்போதைக்கு அதுதான்.

இதெல்லாம் தாண்டி உள்ள வந்தா, பனி அள்ளறது, உப்பு போடறது, மணல் தூவறது, அள்ளின பனியை வண்டியில ஏத்திக் கொட்டறது இதுக்கெல்லாம் தொடர்ச்சியா ஒரு 48 மணி நேரத்துக்கு ஆன செலவுதான் கணக்குல வரும். எந்த 48 மணி நேரம்னு நீங்க தேர்ந்தெடுக்கலாம், செலவு அதிகமான நேரத்தை எடுங்க. பழைய சாதனையை 50 சதவீதத்துக்கு மேல தாண்டின கவுன்ட்டிக்கு இன்னொரு 24 மணி நேரம் சேத்துக் குடுக்கலாம். மீட்பு வேலை, ஷெல்ட்டர், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இதுக்கு இந்த 48 மணி வரம்பு கெடையாது, அந்த வேலைக்காக வழி ஏற்படுத்த அள்ளின பனியும் அதோட சேரும், அதனால ரெண்டையும் ஒரே கணக்குல கலக்காதீங்க. இதையெல்லாம் கூட்டி வர்ற செலவுல ஃபெடரல் பங்கு குறைஞ்சது 75 சதவீதம்.

எல்லாமே அந்த டிரைவரோட லாக் ஷீட்டுலதான் நிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு பனி தள்ளற ப்ளோ வண்டி ஓட்டறவரு பேரு, வண்டி நம்பர், எத்தனை மணிக்கு ஏறினாரு, எத்தனை மணிக்கு இறங்கினாரு, எந்த ரோடு, எத்தனை டன் உப்பு, இது அன்னிக்கே எழுதியிருக்கணும். மூணு வாரம் கழிச்சு ஞாபகத்துலேருந்து எழுதினா ஆடிட்ல நிக்காது. நிரந்தர ஊழியருக்கு அவசர வேலையில ஓவர்டைம் மட்டும்தான் ஏத்துப்பாங்க, வழக்கமான சம்பளம் வராது, அதனால ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டுங்க. சொந்த வண்டிக்கு ஃபீமாவோட மணிக்கணக்கு வாடகைப் பட்டியல் இருக்கு. வெளியாள் கான்ட்ராக்ட்னா "செலவோட இத்தனை சதவீதம் லாபம்"னு ஒப்பந்தம் போடவே கூடாது, ஃபெடரல் விதியில அது தடை, அப்படிப் போட்ட ஊருங்க பின்னாடி பணத்தைத் திருப்பிக் குடுக்க வேண்டி வரும். பக்கத்து ஊரோட பரஸ்பர உதவி ஒப்பந்தத்தை அக்டோபருக்குள்ள எழுத்துல போட்டு வைங்க, புயல் நேரத்துல வாய்ப்பேச்சா வாங்கின உதவிக்குப் பணம் கேக்கறது பெரும்பாடு.

உங்க கவுன்ட்டி பட்டியல்ல வந்த 30 நாளுக்குள்ள பொது உதவிக்கான விண்ணப்பம் ஃபீமாவோட ஆன்லைன் போர்ட்டல்ல ஏறியிருக்கணும், இது தப்பினா மத்ததெல்லாம் வீண். அப்புறம் ஃபீமா ஆளுங்களோட முதல் பெரிய மீட்டிங், அதுலேருந்து 60 நாளுக்குள்ள எல்லா சேதத்தையும் சொல்லி முடிச்சிருக்கணும். அவசர வேலையை முடிக்க 6 மாசம், நிரந்தர வேலையை முடிக்க 18 மாசம். தன்னார்வலருங்க உழைச்ச மணி நேரத்தையும் பதிவு பண்ணுங்க, ஊர் போட வேண்டிய பங்குல அதைக் கழிச்சுக்க வழி இருக்கு, இதைப் பல ஊருக்காரங்க கவனிக்கறதே இல்லை.

கோயில், சர்ச், மசூதி, தமிழ்ப் பள்ளி நடத்தற சங்கம், இவங்களும் கேக்கலாம். வழிபாட்டு இடங்களுக்கு முன்னாடி வாய்ப்பு ரொம்பக் குறைவா இருந்துச்சு, 2018லேருந்து அதை மாத்தி லாபநோக்கமில்லாத அமைப்பா அவங்களையும் சேத்துட்டாங்க. வரிவிலக்கு பெற்ற பதிவு இருக்கணும், கட்டடம் உங்க பொறுப்புல இருக்கணும், நிரந்தர ரிப்பேருக்கு முதல்ல எஸ்பிஏ கடனுக்கு விண்ணப்பிச்சுட்டு வரணும். அதே 30 நாள்தான் இதுக்கும், கமிட்டி மீட்டிங்குக்குத் தேதி பாத்துட்டு இருக்கறதுக்குள்ள போயிரும், அதனால செக்ரட்டரி முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கணும். ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்போர் சங்கத்தோட, ரோடு தனியார் ரோடு, அதுல பனி அள்ளின செலவு பொதுவா வராது.

மாடு, ஆடு வச்சிருக்கறவங்களுக்கு வழி வேற, அது விவசாயத்துறை. 2013 அக்டோபர்ல தெற்கு டக்கோட்டாவுல அட்லஸ்னு பேர் வச்ச பனிப்புயல்ல பல்லாயிரம் மாடு செத்துச்சு, அப்போ ஃபெடரல் அரசே ஷட்டவுன்ல, கால்நடை இழப்பீட்டுத் திட்டமும் காலாவதி ஆகியிருந்துச்சு. 2014ல வந்த விவசாயச் சட்டம் அதை 2011 அக்டோபர் வரைக்கும் பின்தேதியிட்டு திரும்பக் கொண்டு வந்துச்சு, சந்தை விலையில 75 சதவீதம். திட்டமே இல்லாத நேரத்துலயும் செத்த மாட்டை எண்ணி, போட்டோ எடுத்து, கால்நடை டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வச்ச பண்ணைக்காரங்களுக்கு மறுவருஷம் அந்தப் பேப்பர்தான் கைகுடுத்துச்சு.

பணம் வந்த பிறகு

லெட்டர்ல எதுக்குன்னு போட்டிருக்கோ அதுக்குத்தான் செலவு பண்ணணும். வீட்டு ரிப்பேருக்கு வந்ததை க்ரெடிட் கார்டு கடனுக்குக் கட்டினா அடுத்த தடவை உதவி மறுக்க அதுவே காரணமாயிரும். பில்லுகளை 3 வருஷம் வைங்க. பின்னாடி இன்ஷூரன்ஸ் அதே செலவுக்குப் பணம் குடுத்துச்சுன்னா ஃபீமாவுக்குச் சொல்லிருங்க, இல்லாட்டி "கூடுதலா வாங்கின தொகையைத் திருப்பித் தாங்க"ன்னு லெட்டர் வரும். அப்படி லெட்டர் வந்தாலும் பயந்து உடனே செக் எழுதாதீங்க, அதுக்கும் அப்பீல் இருக்கு, அதுக்கும் 60 நாள் இருக்கு, 3 வருஷம் வச்சிருந்த பில்லு ஃபோல்டரை அப்போ எடுத்து அனுப்புங்க.